பவளத் தொட்டிக்கு ஆப்பச்சோடா

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், உயிருள்ள பவளம் வளர்க்கும் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கல், மணல் போகத் தண்ணீர் மட்டும் 200 லிட்டர். முதல் வருடம் முழுக்கக் கால்சியம் கால்சியம் என்றே அலைந்தேன். அது 400 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) கீழே இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. பவளத்தின் கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்று அரைகுறையாகப் படித்துவைத்ததன் வினை. அன்றாடம் கண் வைக்க வேண்டியது ஆல்கலினிட்டி மீதுதான், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு மீது. அதை நாங்கள் டி.கே.எச். என்ற அலகில் சொல்வோம்.

கூடு கட்டும்போது பவளம் இரண்டையும் ஒரே கணக்கில்தான் எடுத்துக்கொள்கிறது. 2.8 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் சுமார் 20 பி.பி.எம். குறையும். ஆனால் கடல்நீரில் கால்சியம் 410 பி.பி.எம். அளவில் இருக்கிறது, டி.கே.எச். 7 தான். 410-இல் 20 போனால் சோதனை மருந்தில் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. 7-இல் 2.8 போனால் பவளம் வாட ஆரம்பித்துவிடும். ஒன்று குதிரில் இருக்கும் நெல், மற்றது சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. சில்லறைதான் முதலில் தீரும்.

நான் வைத்திருக்கும் அளவு: டி.கே.எச். 8 முதல் 8.5, கால்சியம் 420, மக்னீசியம் 1300. சிலர் டி.கே.எச்.சை 11 வரை ஏற்றி வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று அளக்க வேண்டும். மூன்று நாள் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். என்னிடம் இருப்பது சொட்டு எண்ணும் சாதாரண மருந்து. 5 மில்லி தொட்டித் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும், நீலம் மஞ்சளாகும் சொட்டு எத்தனையாவதோ அதுதான் டி.கே.எச். நான் 5-க்குப் பதில் 10 மில்லி எடுக்கிறேன். அப்போது ஒரு சொட்டு அரை டி.கே.எச். ஆகிவிடும், அதே மருந்தில் இரட்டிப்பு நுணுக்கம். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொட்டுக்கு முன்னால் ஒரு மங்கிய பச்சை வந்து ஏமாற்றும். நேரமும் முக்கியம். பகலும் இரவும் டி.கே.எச். கொஞ்சம் வேறுபடும், அதனால் எப்போதும் இரவு 9 மணிக்குத்தான் அளக்கிறேன்.

திங்கள் இரவு 8.5, வியாழன் இரவு 7. மூன்று நாளில் 1.5, ஆக நாளுக்கு அரை. இனி எல்லாம் பெருக்கல்தான்.

100 லிட்டரில் ஒரு டி.கே.எச். ஏற்ற 3 கிராம் ஆப்பச்சோடா வேண்டும். என் 200 லிட்டருக்கு 6 கிராம், நாளுக்கு அரை என்றால் 3 கிராம். கலப்பில்லாத சோடியம் பைகார்பனேட்தானா என்று பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். 100 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற 3.7 கிராம். அரை டி.கே.எச்.சுக்கு ஈடாகக் குறைவது சுமார் 3.5 பி.பி.எம்., எனக்கு அது நாளுக்கு 2.6 கிராம்.

தினமும் தராசு எடுக்க யாருக்குப் பொறுமை? இரண்டு புட்டி போதும். ஒன்றில் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 60 கிராம் சோடா, மற்றதில் ஒரு லிட்டருக்கு 52 கிராம் குளோரைடு. ஒவ்வொன்றிலும் நாளுக்கு 50 மில்லி, 20 நாள் வரும். குளோரைடு கரையும்போது புட்டி சூடாகும், பயப்பட வேண்டாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது. ஒருநாள் அவசரமாக வெளியே கிளம்பும்போது ஒன்றின் மேலேயே மற்றதை ஊற்றிவிட்டேன். சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் சுற்றி வரும் துணைத் தொட்டி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிட்டன. 8-இல் இருந்த டி.கே.எச். மறுநாள் 6.5. இப்போது சோடா காலையில், குளோரைடு இரவில், இரண்டும் வேகமாகத் தண்ணீர் ஓடும் இடத்தில். டி.கே.எச். ஏற்கெனவே இறங்கிக் கிடந்தால் ஒரே நாளில் தூக்காதீர்கள், நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு ஊற்றினாலும் கால்சியம் ஏறவில்லையா? மக்னீசியத்தை அளந்து பாருங்கள். நான் அலைந்த அந்த முதல் வருடக் கதை இதுதான்: கால்சியம் 360-ஐத் தாண்டவே இல்லை, பம்பின் மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கு. மக்னீசியம் 1080-இல் கிடந்தது. அது குறைந்தால் கால்சியம் கார்பனேட் கரைந்த நிலையில் நிற்காமல் கண்ட இடத்தில் படிந்துவிடும். 220 ஏற்ற எனக்கு 370 கிராம் அளவுக்கு மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் வேண்டியிருந்தது. ஐந்து நாளாகப் பிரித்துப் போட்டேன். அப்புறம் கால்சியம் தானாக வழிக்கு வந்தது.

இந்த இரண்டு புட்டி முறையில் சாதாரண உப்பு மிஞ்சும். 20 நாளில் என் தொட்டியில் சேர்வது கிட்டத்தட்ட 40 கிராம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் அது ஒரு பொருட்டில்லை, ஆனால் உப்பளவை அவ்வப்போது பார்த்துவிடுங்கள்.

ஏர்கான் போட்டு மூடிய அறையில் நாம் விடும் மூச்சுக்காற்றே தொட்டியின் பி.எச்.சை இறக்கிவிடும். எனக்கு 7.8-க்குப் போனது. அப்போது சோடாவைத் தட்டில் பரப்பி 200 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்தேன். சோடியம் கார்பனேட்டாகிவிடும், பி.எச்.சையும் ஏற்றும். 3 கிராமுக்குப் பதில் 1.9 போதும்.

சுண்ணாம்புத் தண்ணீர் இன்னொரு வழி. அதில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு கால்சியம், டி.கே.எச். இரண்டையும் சரியான விகிதத்தில் தரும், உப்பும் மிஞ்சாது. என் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது, அதற்கு ஈடாக ஊற்றும் 3 லிட்டரில் 1.3 கிராம் கலந்து இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால் அரை டி.கே.எச். ஈடாகிவிடும். பி.எச். 12 பக்கம் போகும் சமாச்சாரம், கையுறை போடுங்கள், மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். இங்கே தேக்கா சந்தையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது.

பவளம் வளர வளர தீனியும் கூடும். 50 மில்லியில் தொடங்கிய எனக்கு ஆறு மாதத்தில் 80 ஆகிவிட்டது. போன வாரம் இரண்டு கிளைகளை வெட்டி நண்பருக்குக் கொடுத்தேன், டி.கே.எச். 9-க்கு ஏறி நிற்கிறது. வரும் திங்கள் இரவு 9 மணிக்கு மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.