பழைய மேசைக் கணினிக்கு எஸ்எஸ்டியும் குளிர்ச்சியும்: கோலாலம்பூர் வெக்கைக்கு ஏற்ற செய்முறை

எட்டு, பத்து ஆண்டு பழைய கணினியில் இரண்டு புகார்கள்தான் அதிகம் கேட்கும்: திறக்க நேரமாகிறது, விசிறி அலறுகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. தாமதத்துக்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். இரைச்சலுக்கும் சூட்டுக்கும் தூசியும், சிபியுவின் (மையச் செயலி) சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவதும் காரணம். எதையும் வாங்குமுன் உங்கள் கணினியில் எது குறை என்று அளந்து பாருங்கள்.

அளப்பது

கணினி தடுமாறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்று, சிபியு 20 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) போட்டவுடனே வித்தியாசம் தெரியும். மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினி, இடம் போதாமல் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தும். அதற்கு 8 ஜிபி ஆக்காமல் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் பாதிப் பயன்தான்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்’ (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), ‘கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ்’ (கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகள்) இரண்டின் மூல எண்ணும் (ரா வேல்யூ) சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வேலை எதையும் தொடாமல், படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கை குளோன் செய்யும்போது (அப்படியே முழு நகல் எடுக்கும்போது) பாதியில் நின்றுவிடக்கூடும்.

வெப்பத்தை அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ஏர்கோன் இல்லாத அறை நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரியில் இருக்கும். அந்த அறையில் சும்மா இருக்கும் சிபியு 40 முதல் 50 டிகிரி காட்டுவது இயல்பு. கடும் வேலையில் 80 வரை போனாலும் பயமில்லை. 90ஐத் தாண்டினால் அடைப்பு இருக்கிறது. இன்டெல் சிபியுக்கள் பல 100 டிகிரியை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சூடே மந்தத்துக்குக் காரணமாகிவிடுவது இப்படித்தான்.

வாங்குவது

2014க்கு முந்திய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கேபிளில் இணையும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே சரியான தேர்வு. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்: எச்61 சிப்செட் கொண்ட போர்டுகளில் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் ஓடாது. அதற்காகத் தயங்க வேண்டாம். கணினி சுறுசுறுப்பாகத் தெரிவது சிறுசிறு கோப்புகளை நூற்றுக்கணக்கில் உடனுக்குடன் எடுப்பதால்தான். சுழலும் டிஸ்க் ஒவ்வொரு கோப்புக்கும் ஊசியை நகர்த்திக் காத்திருக்கும், எஸ்எஸ்டிக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது.

வீட்டுக்கு 500 ஜிபி போதும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு எழுதும் ஆயுள் 300 டெராபைட், குரூசியல் எம்எக்ஸ்500க்கு 180. வீட்டு வேலையில் இரண்டையும் எளிதில் தீர்த்துவிட முடியாது. இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு ‘16 டிபி’ என்று விற்கும் எஸ்எஸ்டிகள் போலி. புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். உள்நாட்டு உத்தரவாதம் உண்டா என்று கேட்டு, வரிசை எண் எழுதிய ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். சில வெள்ளி மிச்சம் பிடிக்க ரசீதை விட்டுவிடாதீர்கள்.

கூடவே தேவைப்படுபவை: ஒரு சாட்டா டேட்டா கேபிள், 2.5லிருந்து 3.5 அங்குலத் தட்டு, எம்3 ஸ்க்ரூ நான்கு, தெர்மல் பேஸ்ட் ஒரு சிறு குழல், 99 விழுக்காடு ஐசோபுரொப்பில் ஆல்கஹால், மதர்போர்டில் உள்ள பழைய பேட்டரிக்குப் பதிலாக சிஆர்2032 பேட்டரி. விசிறி வாங்குமுன் பெட்டியின் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளியை நடுவிலிருந்து நடு அளந்துகொள்ளுங்கள். 105 மில்லிமீட்டர் என்றால் 120 விசிறி, 82.5 என்றால் 92, 71.5 என்றால் 80. டெல், எச்பி அலுவலகக் கணினிகள் சிலவற்றில் விசிறி முனையும் பவர் முனையும் அவர்களுக்கே உரியவை. கடைக்குப் போகுமுன் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சுத்தம் செய்வது

கணினியை அணைப்பதற்கு முன் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) பக்கங்களைக் கைபேசியில் படம் எடுங்கள், முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐயா, பழைய ஐடிஇயா என்பதை. பேட்டரியைக் கழற்றினால் பல போர்டுகளில் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த மோட் மாறினால் விண்டோஸ் தொடங்காமல் நீலத்திரை காட்டும், எஸ்எஸ்டி கெட்டுவிட்டதாக நினைத்துப் பலர் கடைக்கு ஓடுகிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெளித் தாழ்வாரத்தில் தூரிகையாலும் ஊதுகுழலாலும் தூசி தட்டுங்கள். விசிறி இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டு ஊதினால் தாங்கி (பேரிங்) தேய்ந்துபோகும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளிலும் சமையலறைக்கு அருகே கணினி உள்ள வீடுகளிலும் தூசி ஒட்டுப் படலமாக இருக்கும். அதை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. மதர்போர்டில் கெப்பாசிட்டர் எதுவும் தலை உப்பியிருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்தப் போர்டுக்குச் செலவு செய்வது வீண்.

இன்டெல் கூலரில் (சிபியு மேல் உட்காரும் விசிறியும் உலோகத் தகடுகளும்) நான்கு தள்ளு ஊசிகள். ஒவ்வொன்றின் தலையையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஏஎம்டியில் பேஸ்ட் காய்ந்து சிபியுவைப் பிடித்திருந்தால் கூலரோடு அது கையோடு வந்து கால்கள் வளையும். அதனால் கழற்றுமுன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு சூடாக்குங்கள், பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

பழைய பேஸ்டை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, நடுவில் 4, 5 மில்லிமீட்டர் பொட்டு ஒன்று வையுங்கள். பரப்ப வேண்டாம், கூலர் அமுக்கியே பரப்பும். மீண்டும் பொருத்துமுன் ஊசித் தலைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் பழையபடி திருப்பியாக வேண்டும், இதை மறந்தால் பூட்டிக்கொள்ளாது. மூலைக்கு மூலை எதிரெதிராக ‘டக்’ சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தாலும் சில நிமிடங்களில் 90 டிகிரி காட்டும், அதனால் நான்கையும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

பெட்டி விசிறிகளுக்கு முன்பக்கம் ஒன்று உள்ளே, பின்பக்கம் ஒன்று வெளியே. சட்டத்தில் அம்புக்குறி இல்லையென்றால், மோட்டார் பிடித்திருக்கும் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். இரண்டும் உள்ளே ஊதினால் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும்.

குளோன் செய்வது

பிற்பகல் இடிமழைக் காலத்தில் இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

எஸ்எஸ்டியை இரண்டாவது சாட்டா முனையில் இணையுங்கள். பவர் முனை போதாமல் இணைப்பான் வாங்கினால், மோல்டு செய்யப்பட்ட மலிவு வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் உரசி எரிந்த கதைகள் உண்டு. சாம்சங், குரூசியல் இருவரும் தங்கள் எஸ்எஸ்டிக்கு குளோன் மென்பொருள் தருகிறார்கள். பழைய டிஸ்க்கில் நிரம்பிய அளவு எஸ்எஸ்டியின் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் மீட்புக் குறியீட்டை முன்பே எழுதிவையுங்கள்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் முதல் முறை தொடங்க வேண்டும். இரண்டும் இணைந்திருந்தால் கணினி பழையதிலிருந்தே தொடங்கக்கூடும், எதுவும் மாறவில்லை என்று குழம்புவீர்கள். சாட்டா மோட் ஐடிஇயில் இருந்தால், விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) பக்கத்தில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, மறுதொடக்கத்தில் பயாஸில் ஏஎச்சிஐ ஆக்கி, ஒருமுறை சேஃப் மோடில் நுழைந்து பிறகு அந்தத் தேர்வை நீக்குங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகள் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. இணைய வங்கி உள்ளிட்ட வேலைகளுக்குப் பயன்படும் கணினியென்றால், குளோன் செய்வதை விட்டு எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவதே நல்லது.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரம் அப்படியே வையுங்கள். எல்லாக் கோப்பும் திறக்கிறது என்று உறுதியான பிறகு அதை ஃபார்மட் செய்து படக்கிடங்காக மீண்டும் இணைக்கலாம். ‘கரன்ட் பெண்டிங்’ எண் ஏறியிருந்த டிஸ்க் என்றால் அதில் எதையும் வைக்காதீர்கள்.