புராஸ்டேட் அழற்சியா, வெறும் நீர்க்கடுப்பா: அறிகுறிகளைப் பிரித்தறிவது எப்படி?

சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், ‘உடம்பு சூடு’ என்று இளநீர் குடித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நம் வழக்கம். வெயிலில் அலைந்து, தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வந்த கடுப்பு என்றால் அத்தோடு அடங்கிவிடும். அடங்காமல், எரிச்சலுடன் அடிப்பகுதியில் வலியும் சேர்ந்திருந்தால், ஆண்கள் புராஸ்டேட் சுரப்பியின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் இச்சுரப்பி வீங்கினால், நடுவே செல்லும் குழாய் நெரிபட்டு, சிறுநீர்த் தாரை மெலியும், முக்க வேண்டியிருக்கும், போய் வந்த பின்னும் மிச்சம் இருப்பது போலவே தோன்றும்.

முதலில் வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, சைக்கிள் சீட்டில் அமரும்போது அழுந்தும் இடத்தில் கனமாகவோ குத்துவது போலவோ வலித்து, நெடுநேரம் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர நேர்ந்தால், அது முக்கியமான அடையாளம். அந்த வலி அடிவயிறு, இடுப்பின் கீழ்ப்பகுதி, விதைகள், ஆணுறுப்பின் நுனி ஆகிய இடங்களுக்கும் பரவக்கூடும். விந்து வெளியேறும்போதோ அதன் பின்னரோ வலிப்பதைச் சொல்லக் கூசிப் பலர் மறைத்துவிடுகிறார்கள். மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவலே அதுதான்.

50 வயதைக் கடந்தோருக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் தாரை மெலியும், இரவில் பலமுறை எழ நேரும். ஆனால் அதில் பொதுவாக வலி இருப்பதில்லை. அழற்சியோ 30, 40 வயதிலேயே வரக்கூடியது.

குளிர் நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல் வந்து, மேற்சொன்ன வலியும் இருந்தால், அது பாக்டீரியாவால் திடீரென ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும் அண்மையில் சிறுநீரை வெளியேற்றச் செயற்கைக் குழாய் (கதீட்டர்) பொருத்தப்பட்டவர்களும் கூடுதல் எச்சரிக்கையுடன் இருப்பது நல்லது.

காய்ச்சல் இல்லாமல் 3 மாதங்களுக்கு மேல் வலி வந்து வந்து போவது நாள்பட்ட வகை. இதில் பெரும்பாலோருக்குக் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. ஆகவே, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை நான்கு நாள் விழுங்குவது பயனற்றுப் போகலாம். போதாததற்கு, பின்னர் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் உண்மையான கிருமியும் சிக்காமல் போய்விடலாம். மாத்திரைக்கு முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். சங்கடமானதுதான், ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அழற்சி இருக்கும்போது இரத்தத்தில், புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ஏறித் தெரியலாம். அந்த எண்ணைக் கண்டதும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். அழற்சி தணிந்து சில வாரங்கள் கழித்து, மருத்துவர் சொல்லும் நேரத்தில் மறுபடியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.