பேசத் தாமதிக்கும் குழந்தையும் பயிற்சியாளரின் தவறுகளும்

பேச்சு மொழிப் பயிற்சிப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் சில வாரங்கள் அமர்ந்திருந்தபோது, என் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் கண்டேன். தாமதமாக வருவது, குறிப்பேடு எழுதாமல் விடுவது போன்றவற்றைப் பொறுப்பாளரே கண்டிப்பார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசம்பும் நாக்குக்கட்டும்

பேச்சு தொடங்காததற்கு, நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருக்கும் நாக்குக்கட்டு காரணம் அன்று. பேச்சு வருவதற்காக நாக்கில் தேய்க்கும் வசம்பு மருந்தும் அன்று.

காதைப் பார்க்காமல் வாயைத் திறக்கச் சொல்வது

என்னிடம் வந்த மூன்று வயதுப் பையனின் தாய், "கூப்பிட்டா திரும்பிப் பாக்குறான் மேடம், குக்கர் விசில் சத்தத்துக்கு ஓடி வர்றான்" என்றார். நானும் அவன் முதுகுக்குப் பின்னால் கைதட்டினேன், திரும்பினான், "கேட்புத்திறன் இயல்பு" என்று எழுதிவிட்டேன். அடுத்த எட்டு மாதங்கள் சட்டை, சீப்பு, சாவி என்று பட அட்டைகளைக் காட்டினேன். அவன் அட்டை, ஈப்பு, ஆவி என்று சொன்னான். அதை உச்சரிப்புக் குறைபாடு என்று கருதி நாக்குக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையை எடுக்கக் காது மருத்துவர் ஒருவர் சொன்ன பிறகே, இரு காதுகளிலும் உயர் அதிர்வெண் ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. ஒருபோதும் தெளிவாகக் கேட்டிராத 'ச'வை அவன் எப்படிச் சொல்வான்?

இன்றும் கைதட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கைதட்டும்போது எழும் நிழலுக்கும் காற்றுக்கும்கூடக் குழந்தை திரும்பும். பெயரைச் சொல்லி அழைக்கும்போது அதிலுள்ள உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓரளவு வலுவாகவே காதில் விழுவதால், ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகளை இழந்த குழந்தையும் அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கும். பிறந்தபோது எடுத்த ஓ.ஏ.ஈ. பரிசோதனையில் தேறிவிட்டது என்ற சீட்டும் போதாது. அது உட்காதின் மயிர்செல்கள் எழுப்பும் எதிரொலியை மட்டுமே அளப்பதால், செவி நரம்பில் உள்ள கோளாறு அதில் தெரியாமல் போகலாம்; பின்னாளில் ஏற்படும் இழப்பையும், சளியால் நடுக்காதில் தேங்கும் நீரையும் பிறந்தபோது எடுத்த சோதனை காட்டாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புத்திறனின் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்பாடு, 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகளவில் சொல்லப்படும் கணக்கு. நம் நாட்டில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அந்த வருகையில் ஐயம் எழுந்த குழந்தையைப் பயிற்சி அட்டவணையில் சேர்ப்பதற்கு முன் கேட்பியல் அறைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பையனுக்குச் செவித்துணைக் கருவி பொருத்திய பிறகு 'ச' வந்தது. ஆனால், நான் வீணாக்கிய எட்டு மாதங்கள் மொழி வேகமாக வளரும் வயதில் போனவை.

தாயை வராந்தாவில் உட்கார வைப்பது

குழந்தை அம்மாவைப் பார்த்து அழும் என்று நானும் கதவைச் சாத்தியிருக்கிறேன். வாரத்துக்கு நாற்பது நிமிடம் என்னிடம் இருக்கும் குழந்தை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருக்கிறது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தாயோ பாட்டியோ அறையில் உடனிருந்து கற்காவிட்டால், நாற்பது நிமிடமும் வெறும் வருகைப் பதிவாகிவிடும்.

"இவன் அப்பாவும் லேட்டாதான் பேசினார்"

இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள்.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது

இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டியை வாயை மூடச் சொன்னால், குழந்தையிடம் அதிகம் பேசும் ஒருவரை நாமே இழக்கிறோம்.

"சொல்லு, சொல்லு"

இப்படிக் குழந்தையை வற்புறுத்தாமல், சொல்லை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை அது பேசக் காத்திருங்கள்.