தாத்தாவின் கட்டுரையைத் தேடிச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு

"அரை மணி நேர வேலைதான், போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடு" என்று பெரியப்பா யாராவது சொன்னால், டிக்கெட் போடும் முன்பே விண்ணப்பத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் வெளியாளுக்கு அரை மணி நேர வேலை என்று ஒன்று கிடையாது.

என் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். விழா மலரில் தாத்தா ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை வர வேண்டுமாம். வீட்டைக் காலி செய்தபோது பரணில் இருந்த பிரதிகள் எடைக்குப் போய்விட்டன. அப்போது நான் ஊரில் இல்லை. நான் போன நூலகத்தில், "எந்த நிறுவனத்திலிருந்து வர்றீங்க?" என்றார்கள். பேரன் என்பது நிறுவனமில்லை. அறிமுகக் கடிதத்தை மின்னஞ்சலில் வரவழைத்தேன். முத்திரை வைத்த அசல்தான் செல்லுமாம். பாஸ்போர்ட் நகல், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) நகல், நூலகருக்குத் தனி விண்ணப்பம். கையெழுத்து கிடைத்த அன்று சாவி வைத்திருப்பவர் லீவு. அடுத்த நாள் இரண்டாம் சனி. நடுவில் பெரியப்பா போன்: "நீ இங்கேயே இருந்திருந்தா நிதானமா பார்த்திருக்கலாம்." அதற்கு என்ன பதில் சொல்வது?

நான் தேடிய இதழின் தேதி தமிழ்க் கணக்கில் விய வருஷம், தை மாதம். ஊழியர் 1946 கட்டைப் புரட்டிவிட்டு "இல்லை சார்" என்றார். விய 1946 சித்திரையில் பிறந்தது. அதன் தை 1947 ஜனவரியில் வரும். அறுபது வருடத்துக்கொரு முறை அதே பெயர் திரும்புவதால் 1886-ம் விய, 2006-ம் விய. ஆங்கில மாதத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஜெராக்ஸுக்கு மறுத்தால் சண்டை போடாதீர்கள். அந்தக் காலத்து மரக்கூழ்த் தாள் அமிலமேறி, மடக்கினாலே ஒடியும். செல்போனில் படமெடுக்கலாமா என்று கேளுங்கள், இல்லையென்றால் பென்சில்தான்.

இவ்வளவுக்கும் முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிவிடுங்கள். அப்புறம் தரமணி ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பை வைத்து 1994-ல் தொடங்கியது, பழைய இதழ்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் உண்டு. ஆவணக் காப்பகமும் எழும்பூரில்தான், ஆனால் அது அரசுக் கோப்புகளுக்கு. ஓலைச்சுவடி என்றால் சேப்பாக்கம் போகாதீர்கள்; கீழ்த்திசைச் சுவடி நூலகம் கோட்டூர்புரத்துக்கு மாறிவிட்டது.

மலர் எப்போது அச்சுக்குப் போகிறது என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள். நான் கட்டுரையைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனபோது, மலர் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது.