பதின்ம வயதுக் குழுவோடு ஏழு நாள் ட்ரெக்கிங்: மெதுவாக நடப்பவரிலிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை ஒரு குழுவை ஏழு நாள் ட்ரெக்கிங் கூட்டிப்போனபோது வரைபடத்தை விரித்து வைத்து, எனக்கு எது சுலபமான தூரமோ அதையே எல்லோருக்கும் போட்டேன். ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். இரண்டாம் நாள், குழுவிலேயே சின்னவளான 13 வயதுப் பெண் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் காலை பையைத் தூக்கும்போது கண் கலங்கி நின்றாள். அவள் நடையில் ஒரு குறையும் இல்லை, நான் போட்ட கணக்குதான் தப்பு.

அதற்குப் பிறகு எந்தப் பயணம் போட்டாலும் ஒரே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்: இந்தக் குழுவில் மெதுவாக நடக்கப்போவது யார்? தூரம், சுமை, சாப்பாடு, ஓய்வு எல்லாவற்றையும் அந்த ஒருவருக்குத் தாங்குமா என்று பார்த்தே முடிவு செய்கிறேன். கீழே சொல்வதெல்லாம் இதுவரை இப்படி ஒரு பயணத்தைத் திட்டமிட்டே இராதவர்களுக்காக.

முதல் படி: யார் யார் வருகிறார்கள்

இடம் தேடுவதற்கு முன்னால் ஆட்களை முடிவு செய்யுங்கள். முதல் பயணத்துக்குப் பெரியவர்களையும் சேர்த்து 10 பேர், அதிகம் போனால் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் கூடாரம் போட இடம் கிடைப்பதே சிரமம், பல காட்டுப் பகுதிகளில் குழுவின் அளவுக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், என்னைக் கேட்டால் மூன்று பேர். யாருக்காவது கால் சுளுக்கி ஒரு பெரியவர் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டிவந்தால், மிச்சக் குழுவோடு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் இல்லையா? பெண் பிள்ளைகள் வந்தால் பெண் ஒருவர் கட்டாயம். பெரியவர்களும் பிள்ளைகளும் தனித்தனிக் கூடாரம். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மற்றவர்கள் கண்ணுக்கு மறைவாகத் தனியே இருக்கக் கூடாது. இந்த விதிகளைப் பெற்றோர் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பிற்பாடு சொன்னால் யாரையோ சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும்.

பெரியவர்களில் ஒருவராவது முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பயிற்சி என்றால் கையால் செய்து பழகியது, வீடியோ பார்த்ததைச் சொல்லவில்லை.

இரண்டாம் படி: வழியும் தூரமும்

நாலைந்து மாதம் முன்னால் இதைத் தொடங்குங்கள். அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1:50,000 அளவு வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு நூலைப் பாதையின் வளைவுகள்மேல் வைத்து அளந்து பாருங்கள், கண்ணால் மதிப்பிட்டதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். அப்புறம் சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, எண்ணி அந்த நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு குறைவு.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் இருந்தால் 3 மணி நேரம் வரும். ஆனால் இது நடந்து பழகியவர்களுக்கான கணக்கு. முதல்முறை பை சுமக்கும் பிள்ளைகள் என்றால் நான் அதோடு பாதியைக் கூட்டுவேன், நாலரை மணி. மதியச் சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, ஷூவைக் கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்தால் 6 மணி நேரம் ஆகிவிடும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணி. இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே முகாமில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், ஏனென்றால் வழி தவறினாலோ மழை பிடித்தாலோ கையிருப்பு அந்த மூன்று மணி நேரம்தான்.

ஆக, சராசரியாக ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோமீட்டர். முதல் நாள் 6 போதும், அன்றைக்குத்தான் பை மிகக் கனமாக இருக்கும், கிளம்பவும் தாமதமாகும். நாலாம் நாளைப் பாதி நாளாக வையுங்கள். ஒரு வாரத்தில் உடம்பும் மனசும் சோர்ந்துபோவது பெரும்பாலும் மூன்றாம் நாள் மாலையில்தான், அதற்கு அடுத்த நாள் ஆற்றோரம் துணி துவைத்துக் காயப்போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தால் குழு மறுபடி உயிர்பெற்றுவிடும்.

அந்த நாலாம் நாள் முகாம் வண்டி வரக்கூடிய ஒரு சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. காரணம் கீழே சுமைக் கணக்கில் வரும். இதைத் தவிர, ஒவ்வொரு நாளுக்கும் ‘இங்கிருந்து சீக்கிரம் வெளியேற எது வழி’ என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். அப்படி ஒரு வழி இல்லாத பாதையை முதல் பயணத்துக்கு எடுக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உயரமும் முக்கியம், வேகமாக மேலே போனால் மெலிந்த காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும். முதல் பயணத்தில் இந்தக் கவலையே வேண்டாம், 2,500 மீட்டருக்குள் இருங்கள். இன்னொன்று, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்து வானிலையைப் பார்த்துத் துணி எடுத்துவைக்காதீர்கள்.

இரண்டு வழிகளைத் தயார் செய்துகொண்டு எது வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வழியில் ஏற்றம் வந்தால் ஏறிவிடுவார்கள், நாம் தேர்ந்தெடுத்ததில் அதே ஏற்றம் வந்தால் ஏன் இங்கே கூட்டிவந்தீர்கள் என்பார்கள்.

மூன்றாம் படி: காகித வேலை

அனுமதிச் சீட்டுகள், முகாம் இட முன்பதிவு, பெற்றோர் கையெழுத்து, காப்பீடு. இவற்றில் சுவாரசியம் எதுவும் இல்லை, மூன்று மாதம் முன்னால் முடித்துவிடுங்கள். மருத்துவப் படிவத்தில் மட்டும் நேரம் செலவழியுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தினமும் எடுக்கும் மாத்திரை, இரவில் படுக்கை நனைப்பது, பதற்றம் எல்லாவற்றையும் பெற்றோரிடம் தனியாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஹேலர், கடுமையான ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசி போன்றவை இரண்டிரண்டாக வேண்டும். ஒன்று அந்தப் பிள்ளையிடம், இன்னொன்று பெரியவரிடம். ஒரே பையில் இரண்டையும் வைத்து, அந்தப் பை ஆற்றில் விழுந்தால் என்ன செய்வோம்?

நாலாம் படி: சாப்பாடும் சுமையும், இரண்டும் ஒரே கணக்கு

உலர்ந்த உணவாக எடுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கிராம் வேண்டும், வளரும் பிள்ளைகளுக்கு 800 கூட ஆகும். 10 பேர், 7 நாள், 700 கிராம் என்றால் 49 கிலோ. ஆளுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ.

இப்போது அந்த மெதுவாக நடக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எடை 45 கிலோ என்று வைப்போம். முதுகுச் சுமை உடல் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, அதாவது 9 கிலோ. சாப்பாடு 5 கிலோ, தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ, ஆக 7 போய்விட்டது. மிச்சம் இருக்கும் 2 கிலோவில் பை, ஸ்லீப்பிங் பேக், பாய், ரெயின்கோட், மாற்றுத்துணி எப்படி அடங்கும்? அடங்காது. அதனால்தான் நாலாம் நாள் சாலை. பாதிச் சாப்பாட்டை அங்கே ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் தொடங்கும்போது தூக்க வேண்டியது 4 நாளுக்கு உரியது மட்டும், 2.8 கிலோ. தண்ணீரோடு 4.8. சொந்தச் சாமான்களுக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கிறது, இறுக்கமாகக் கட்டினால் போதும். கூடாரம், அடுப்பு, பாத்திரம் போன்ற பொதுச் சாமான்களைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அதிகம், 45 கிலோ பிள்ளைக்கு எதுவும் வேண்டாம். இது சலுகை இல்லை, எடைக்கு ஏற்ற பங்கு என்று எல்லோர் முன்னாலும் தராசில் நிறுத்துக் காட்டுங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

சுமையைக் குறைக்க இன்னொரு வழி, கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. கொட்டை வகைகள், எண்ணெய், நிலக்கடலை வெண்ணெய் எல்லாம் எடைக்கு நல்ல பலன் தரும். ஆறு இரவுப் பயணத்தில் இரவுச் சாப்பாடு 6, காலைச் சாப்பாடு 6, மதியம் 7. மதியத்துக்கு அடுப்பு பற்றவைக்காத உணவாக வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 15 முதல் 20 கிராம் எரிவாயு ஆகும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் 10 பேருக்கு 200 கிராம், ஆறு நாளுக்கு 1.2 கிலோ. காற்றடித்தால் கூடும், அதனால் ஒரு நாளுக்கு உரியதைக் கூடுதலாக எடுங்கள். மழை கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இன்னொரு பக்கம்.

ஒவ்வொரு வேளையையும் தனித்தனிப் பையில் போட்டு, ‘மூன்றாம் நாள் இரவு’ என்று மேலே எழுதுங்கள். சமையலுக்கு முறை வைத்து மூன்று பேர் கொண்ட அணிகளாகப் பிள்ளைகளே செய்யட்டும். கொஞ்சம் அடிப்பிடித்தால் பரவாயில்லை.

ஐந்தாம் படி: ஒத்திகை

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். பயணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்னால், அதே பை, அதே ஷூ, அதே அடுப்போடு ஒரே ஒரு இரவு வெளியே தங்கிவிட்டு வாருங்கள். உங்கள் குழுவின் உண்மையான வேகம் எது, யாருக்கு எங்கே கொப்புளம் வருகிறது, எந்தக் கூடாரத்தில் கம்பி குறைகிறது என்று அங்கேதான் தெரியும். மழை வந்தால் ரத்து செய்யாதீர்கள், அது நல்ல வாய்ப்பு.

பை கட்டுவதையும் அங்கே சொல்லிக்கொடுங்கள்: ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான சாமான் நடுவில் முதுகை ஒட்டி, ரெயின்கோட் மேலே. முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்க வேண்டும், தோள் பட்டையை அதற்கப்புறம். பாதி நேரம் ‘பை கனம்’ என்று சொல்லும் பிள்ளையின் இடுப்புப் பட்டை தளர்ந்துதான் இருக்கும். பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும், அதனால் ஜீன்ஸ் வேண்டாம். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி நல்லது.

ஆறாம் படி: தண்ணீரும் கழிப்பிடமும்

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம். எந்த ஓடைத் தண்ணீரையும் அப்படியே குடிக்கக் கூடாது. நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். ஃபில்டர் வேகமானது, ஆனால் சாதாரண ஃபில்டர்கள் வைரஸைத் தடுக்காது. குளோரின் மாத்திரை வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் தோற்றுவிடும். நான் ஃபில்டர் செய்து மாத்திரையும் போடுவேன்.

கழிப்பறை இல்லாத இடத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி. மண் போட்டு மூட வேண்டும், காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையல் பக்கம் யாரும் வரக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் எந்த நாளிலும் வரலாம், நடையும் சோர்வும் தேதியை மாற்றலாம், எனவே எல்லோரிடமும் நாப்கினும் உள்ளே தெரியாத ஒரு பையும் இருக்கட்டும், பொதுவில் ஒரு கூடுதல் பொட்டலமும். பெண் பெரியவர் கிளம்பும் முன்பே அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசிவிட்டால், காட்டில் யாரும் வயிற்றுவலியை மறைத்துக்கொண்டு நடக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: நடக்கும் நாட்களில்

மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடாதீர்கள், முன்னால் விடுங்கள். முதல் ஆளுக்கு அடுத்த இடம் நல்லது. கடைசியில் எப்போதும் ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். வேகமான பிள்ளைகள் காத்திருந்து ஓய்வெடுத்துவிட்டு, பின்னால் வந்தவர் மூச்சு வாங்கும்போதே கிளம்பிவிடுவார்கள், எனக்கு நன்றாகத் தெரிந்த அநியாயம் இது. கடைசி ஆள் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று விதி வையுங்கள்.

கிளம்பி அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, காலில் எங்காவது சுடுகிறதா என்று கேளுங்கள். சுட்டால் அப்போதே டேப் ஒட்டினால் கொப்புளம் வராமல் தடுக்கலாம்.

மழையும் காற்றும் சேர்ந்தால், உறையும் குளிர் இல்லாவிட்டாலும், உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கிவிடும். ஒரு பிள்ளை பேச்சுக் குழறி, கால் தடுமாறி, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் விரல் தடவினால் உடனே நிறுத்துங்கள். ஈரத்துணியை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் போட்டு, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடான இனிப்பு பானம் கொடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். முகட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தைவிட்டு விலகுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து நடங்கள்.

எட்டாம் படி: வீட்டில் விட்டுப்போகும் தாள்

நாள்வாரியாக எங்கே தங்குகிறீர்கள், வெளியேறும் வழிகள், எல்லோருடைய பெயர், மீட்புக் குழு எண், இவையெல்லாம் ஒரே தாளில். பயணம் வராத, பொறுப்பான ஒருவரிடம் அதைக் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தைச் சற்றுத் தாராளமாக வையுங்கள், ஏழாம் நாள் மாலை வந்துசேர்வதாக இருந்தால் இரவு 9 மணி என்பதுபோல். பாதையை விட்டு வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும், பிள்ளைகள் வீட்டுக்குப் பேசத் தொடங்கும் முன்பே, முதல் அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும்.