சரக்குக் கப்பலில் பயணம்: உங்களுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சரக்குக் கப்பலில் போக ஆசையா? டிக்கெட்டுக்கு முன் கப்பலின் வகையைத் தேடுங்கள்.

படி 1: எத்தனை பயணிகள் என்று பாருங்கள். சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, 12 பேருக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல். தீத்தடுப்பு முதல் உயிர்காப்புப் படகு வரை விதிகள் இறுகிவிடும். அதனால்தான் கன்டெய்னர் கப்பல்கள் 12-ஐத் தாண்டுவதில்லை. மருத்துவரும் பெரும்பாலும் இருக்கமாட்டார். உடல்தகுதிச் சான்றிதழும் வயது வரம்பும் அதன் விளைவுதான்.

படி 2: வகையைப் பிரித்தறியுங்கள். லாரிகளும் கார்களும் சாய்தளம் வழியே ஓடி ஏறினால் ரோ-ரோ. அதிலேயே நிறையப் பயணிகளுக்கும் இடமிருந்தால் ரோ-பாக்ஸ். முதல் பயணத்துக்கு இதையே சொல்வேன். சரக்கும் பயணிகளும் சரிபாதி என்றால் அரனுயி 5 போன்ற கலப்புக் கப்பல். பசிபிக் கடலில் உள்ள தஹிதித் தீவின் பப்பீட்டேயிலிருந்து மார்கேசஸ் தீவுகளுக்குப் போகிறது. முன்பகுதியில் கிரேன்களும் சரக்கும், பின்னால் 200 பேருக்கு மேல் தங்கும் அறைகள். எண்ணெய்க் கப்பல்களை விட்டுவிடுங்கள், பயணிகளை ஏற்றுவது அபூர்வம்.

படி 3: அறையைக் கேளுங்கள். கன்டெய்னர் கப்பலில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'கடல் பார்த்த ஜன்னல்' என்று எழுதியிருக்கும். திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் துருப்பிடித்த இரும்புச் சுவர், அதாவது அடுக்கிவைத்த கன்டெய்னர் பெட்டி. ஏறும்போது திறந்திருந்த காட்சிகூட அடுத்த துறைமுகத்தில் இன்னொரு பெட்டி ஏறியதும் மறைந்துவிடலாம். எனவே எந்தத் தளம், ஜன்னல் முன்பக்கமா பக்கவாட்டா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்தளத்துப் பக்கவாட்டு அறைதான் என் தேர்வு. ஆனால் கப்பல் ஆடும்போது அங்கே ஆட்டம் கூடுதல். வயிறு ஒத்துழைக்காதவர்கள் கீழ்த்தளமே கேளுங்கள்.

படி 4: கப்பலின் ஐஎம்ஓ எண்ணை, அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்ணை, வாங்குங்கள். ஏழு இலக்கம், பெயர் மாறினாலும் எண் மாறாது. மரைன் டிராஃபிக் தளத்தில் அதைப் போட்டால் கப்பலின் வகையும் இருப்பிடமும் தெரியும். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் பல கப்பல்கள் மிதக்கின்றன.

பின்குறிப்பு: 'நடுக்கடலில் கப்பல் மரைன் டிராஃபிக் வரைபடத்திலிருந்து காணாமல் போய்விட்டது' என்று ஒரு வாசகி பதறிக் கேட்டிருந்தார். பயம் வேண்டாம். கப்பலின் சிக்னல் கரையிலுள்ள ஆன்டெனாக்களுக்கு எட்டும்வரைதான் இலவசச் சேவை காட்டும். நடுக்கடலிலும் பார்க்க வேண்டுமென்றால் செயற்கைக்கோள் தரவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்கெல்லாம் தேவையில்லை, கரையை நெருங்கியதும் மீண்டும் தெரியும்.

இன்னொன்று: 2020-இல் கொரோனா வந்ததும் பல கன்டெய்னர் நிறுவனங்கள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. அதற்கு முந்தைய கட்டணப் பட்டியல்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன; தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.