‘கம்ரி’ என்ற பெயருக்கு வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டைக் ‘கம்ரி’ என்கிறார்கள். இந்தப் பெயரின் மூலத்தைத் தேடிப் புதிதாக வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். உச்சரிப்புப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

வரவேற்புப் பலகையில் இருப்பதை வேராக எடுத்துக்கொள்வது

வேல்ஸின் எல்லையில் ‘க்ரோய்சோ இ கம்ரி’ என்ற பலகை நிற்கும். அங்கே ‘கம்ரி’யின் முதலெழுத்து ‘கல்’லில் வரும் க அல்ல, ‘கங்கை’யின் முதல் க. வேல்ஸின் மொழியான வெல்ஷில் முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதலொலி மாறும். இங்கே ‘இ’ வந்ததால் க மெலிந்தது. ‘வேல்ஸில்’ என்று சொல்ல வந்தால் அதே பெயர் ஏறக்குறைய ‘ஙம்ரி’ ஆகிவிடும்.

இது தெரியாமல், மெலிந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, பைபிளில் அதே ஒலியில் தொடங்கும் பெயருடைய நோவாவின் பேரன் கோமரின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு வாசிப்புக் குழுவுக்கு ஒருவர் இதை நம்பி நீண்ட கட்டுரையே எழுதி வந்தார். பல மாத உழைப்பு. ஆதாரமோ அந்த ஓரெழுத்து. எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை, ஏனென்றால் கோமர் கதை எப்போதோ கைவிடப்பட்டது. தியோபிலஸ் எவன்ஸின் வரலாற்று நூல் 18ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பியது. 1814இல் சுவான்சியில் தொடங்கிய வெல்ஷ் வார இதழின் பெயரே ‘செரென் கோமர்’, அதாவது கோமரின் விண்மீன். 1853இல் ஜெர்மானிய மொழியறிஞர் சாய்ஸ், வெல்ஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகளுக்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்த பிறகு இத்தகைய ஊகங்கள் வலுவிழந்தன.

உண்மையான மூலம் வெல்ஷின் முன்னோடியான பழைய பிரித்தானிய மொழியின் ‘கொம்ப்ரோகி’. ‘கொம்’ என்றால் உடன், ‘ப்ரோக்’ என்றால் நிலம். ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள். மகரத்தை அடுத்த ப அதிலேயே கரைந்தது. வட இங்கிலாந்தின் ‘கம்பிரியா’ இதே பெயரின் லத்தீன் வடிவம். அதில் அந்த ப இன்றும் இருக்கிறது. ‘ப்ரோ’ என்ற சொல்லும் வட்டாரம் என்ற பொருளில் வெல்ஷில் வழங்குகிறது. ‘கால்’ எனப்பட்ட பழைய பிரான்ஸ் பகுதியின் அலோப்ரோகெஸ் இனத்தின் பெயரிலும் அதே வேர்தான், ‘வேற்று நிலத்தவர்’ என்ற பொருளில். ஒலி, பொருள், உறவுச் சொற்கள் மூன்றும் இப்படிப் பொருந்த வேண்டும்.

‘வேல்ஸ்’ என்பதிலிருந்து தொடங்குவது

அது ஆங்கிலேயர் வைத்த பெயர். அதன் ஜெர்மானிய மூலத்துக்கு ‘அயலார்’ என்று பொருள். ‘கார்ன்வால்’, ‘வால்நட்’ இரண்டிலும் வரும் ‘வால்’ அதுவே.

எழுத்துக்கூட்டலை நம்புவது

‘கம்ரி’ ஒரே சொல்தான். நாட்டுக்கு Cymru, மக்களுக்கு Cymry என எழுத்தில் பிரித்தது பிற்காலத்தில்.

அகராதியில் தேடாமல் விடுவது

வேல்ஸ் பல்கலைக்கழக அகராதி 2014 முதல் இணையத்தில் இலவசம். மாறிய முதலெழுத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் தேடுங்கள்.